நீங்கள் எனக்குக் காட்டாத தாள்

என் பிரியமுள்ள ஜெயமணி அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷமும் நாலு மாதமும் ஆகிறது. இத்தனை நாளில் மனசுக்குள்ளேயே உங்களுக்கு எத்தனையோ கடிதம் எழுதிவிட்டேன். எல்லாம் அழுகைக் கடிதம். இது அப்படி இல்லை. உங்கள் மேல் எனக்குக் கோபம். இருபத்திரண்டு வருஷம் உங்களோடு குடும்பம் நடத்தினேன், ஒரு நாளாவது உங்களை எதிர்த்துக் குரல் உயர்த்தியிருக்கிறேனா? இப்போது உயர்த்துகிறேன். சபையார் கேட்டால் கேட்கட்டும். கேட்கவேண்டும் என்றுதான் இதைப் பிரதி எடுத்து வருகிறவர் போகிறவர் கையில் கொடுக்கப்போகிறேன்.

முதலில் இங்கத்திய செய்தியைச் சொல்லிவிடுகிறேன். ரப்பர் விலை விழுகிறதே என்று நீங்கள் இருக்கும்போதே கவலைப்பட்டீர்கள். இப்போது இன்னும் விழுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. தோட்டம் தோட்டமாகப் பால் வெட்டுவதை நிறுத்திவிட்டார்கள். கடல் தாண்டி ஊருக்கே திருப்பி அனுப்புகிறோம் என்று ஜனங்களை லோரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கிவிடுகிறார்கள். கப்பலில் இடம் கிடைக்கும்வரை எங்கே படுப்பார்கள், எதைத் தின்பார்கள் என்று கேட்க நாதியில்லை. டெங்கில் பக்கம் நீங்கள் மாதம் ஒருமுறை போய்வந்த தோட்டத்தையும் மூடியாயிற்று. அங்கிருந்து திருவிருந்துக்கு வந்துபோகும் நம் சபைக் குடும்பங்கள் பதினொன்றும் ஒரு திங்கட்கிழமை மத்தியானம் மூட்டை முடிச்சோடு பிரிக்பீல்ட்ஸ் ஆலயத்து வாசலில் வந்து நின்றன.

உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் புது உபதேசியார் இம்மானுவேல் வியர்க்க விறுவிறுக்க நம் வீட்டுக்கு வந்தார். நல்ல பிள்ளை, ஆனால் ஊழியத்துக்கு வந்து ஒரு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை.

"அம்மா, நாப்பத்தேழு பேரும்மா. பச்சப் புள்ளைங்க வேற. நா எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?"

"கைப்புத்தகத்த எடுங்க. மூணாம் பக்கம்," என்றேன்.

அது என்ன புத்தகம் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. இதை வாசிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் பதினெட்டு வருஷம் இந்தச் சபையின் உபதேசியார். குருவானவர் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற நாளெல்லாம் இவர்தான் ஜெபம், பிரசங்கம், சாவு, பிரசவம், சண்டை, சமாதானம் எல்லாவற்றுக்கும். காலால் நடந்து தோட்டங்களில் கற்றதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதினார். காய்ச்சல்காரரைப் பார்க்கப் போனால் பையில் கொய்னா மாத்திரை, உப்பு, தீப்பெட்டி இருக்கவேண்டும். சாப்பிடாதவனிடம் பிரசங்கம் பண்ணக்கூடாது. குருவானவர் வர முடியாத இடத்தில் சாவு விழுந்தால் எந்த ஜெபம், எந்தப் பாட்டு. திடீரென்று ஜனம் வந்து குவிந்தால் குழி எங்கே வெட்டுவது, அடுப்பு எந்தப் பக்கம், தண்ணீரை எவ்வளவு நேரம் கொதிக்கவைப்பது. எல்லாம் அதில் இருக்கும். அதை நான்தான் பிரதி எடுத்தேன். அம்பாங்குக்கு ஒன்று, கிள்ளானுக்கு ஒன்று என்று ஒன்பது பிரதி. வாக்கியம் அவருடையது, எழுத்து என்னுடையது.

அந்தப் புத்தகம் சொன்னபடியே செய்தோம், ஜெயமணி அப்பா. ஆலயத்துக்குப் பின்னால் இருக்கும் அத்தாப்பு ஓலைக் கூரைப் பள்ளிக்கூடத்தைக் காலி பண்ணி, சேலையால் மறைப்புக் கட்டி, குடும்பத்துக்கு ஒரு மூலை கொடுத்தோம். கஞ்சி ஊற்றும் ஒழுங்கும் நீங்கள் எழுதினதுதான். பால் கொடுக்கும் தாய்மார் முதலில், பிறகு நோயாளிகள், பிள்ளைகள், கடைசியில் திடமான ஆண்கள். "ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஊற்று" என்று எழுதியிருந்தீர்களே, அதையும் செய்தேன். முதல் வாரம் முழுக்க எனக்கு உங்கள் மேல் அவ்வளவு பெருமை. செத்தும் இந்த மனுஷன் நாற்பத்தேழு பேருக்குச் சோறு போடுகிறாரே என்று நினைத்துக்கொண்டே அகப்பையைப் பிடித்தேன்.

வந்தவர்களில் அருளாயியும் அவள் புருஷனும் இருந்தார்கள். கடைசித் தடவை தோட்டத்துக்குப் போன இடத்தில் உங்களுக்குக் காய்ச்சல் கண்டதும், ஆற்றுத் தண்ணீர் பாதையை மூடியதும், நாலு நாள் அவள் வீட்டிலேயே கிடந்து நீங்கள் கண்ணை மூடியதும் எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்து ஈரத்துணி போட்டவளை அன்றுதான் முகத்துக்கு முகம் நிதானமாகப் பார்த்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவளுக்கு என் பாயைக் கொடுத்தேன். எனக்குப் பெரிய காரியம் செய்துவிட்டதுபோல இருந்தது.

பிறகு வந்தது அந்த வியாழக்கிழமை. ஞாயிறன்று குருவானவர் வருகிறார், அப்பமும், பாத்திரத்தில் திராட்சரசமும் கொடுக்கும் திருவிருந்து. அதற்காகக் கமிட்டிக்காரர்கள் சாயங்காலம் ஆலயத்துப் பக்க அறையில் கூடியிருந்தார்கள். நான் தேநீர் கொண்டுபோனேன். காரியதரிசி, ஆபீஸில் கணக்கெழுதும் ஆபிரகாம் கிராணியார் பேசிக்கொண்டிருந்தார். நியாயமாகச் சொல்லவேண்டும், வந்த ஜனத்துக்குத் தன் வீட்டிலிருந்து இரண்டு மூட்டை அரிசி அனுப்பினவர் அவர்தான்.

"தோட்டத்து ஆளுங்க கூட்டம் இந்தத் தடவ ஜாஸ்தி. சின்னக் கிண்ணத்த ரெண்டு மூணு தடவ நெரப்பவேண்டி வரும். மத்தபடி பழைய ஒழுங்குப்படியே நடக்கட்டும்," என்றார்.

"எந்த ஒழுங்கு அண்ணே?" என்று கேட்டேன். சத்தியமாகத் தெரியாமல்தான் கேட்டேன்.

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "என்னம்மா புதுசா கேக்கறீங்க? உத்தியோகக் குடும்பங்க முதல்ல. ரயில்வே ஆளுங்க அப்புறம். தோட்டத்து ஆளுங்க கடைசில, அவங்களுக்கு வேற கிண்ணம். சாதிய வாசல்லயே கழட்டிப் போட்டுட்டு வர எல்லாருக்கும் மனசு வராதும்மா. அதுக்காகத்தானே உங்க வீட்டுக்காரரு எழுதிவச்சாரு."

"பொய்!" என்றேன். "அவரு எழுதின ஒவ்வொரு எழுத்தையும் என் கையால பிரதி எடுத்திருக்கேன். அப்படி ஒரு வரி அதுல கெடையாது. செத்தவரு திரும்பி வந்து பேசமாட்டாருன்னு தைரியமா?"

ஆபிரகாம் கிராணியார் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எழுந்துபோய் அலமாரியைத் திறந்து, சபையின் பிரதியை எடுத்து, கடைசி அட்டையைத் திருப்பிக் காட்டினார். உள்பக்கம் கஞ்சிப் பசையால் ஒரு தாள் ஒட்டியிருந்தது.

உங்கள் கையெழுத்து. சாய்ந்த 'ழ'வும், வாக்கியத்தின் கடைசியில் குத்தும் புள்ளியும். யார் மறுத்தாலும் நான் மறுக்க முடியுமா?

"சபை பிரியாதபடிக்கு" என்று ஆரம்பித்திருந்தீர்கள். யார் முதலில், யார் கடைசியில், எந்தக் கிண்ணம் யாருக்கு. எல்லாம் தெளிவாக, அளவாக, உங்கள் வழக்கப்படி. கீழே கடைசி வரி: "காரணம் கேட்பவர்களுக்கு, பெரிய பாத்திரம் எல்லாருக்கும் போதவில்லை என்று சொல்லவும்."

எனக்கும் அதைத்தானே சொன்னீர்கள்? பெரிய பாத்திரம் போதவில்லை, அதனால் சின்னது ஒன்று. "விளிம்பு நெளிஞ்சிருக்கு ஞானப்பூ, பெருசோட ஒரசினா கீறல் விழும். தனியா கழுவித் தனியா வை." பதினொரு வருஷம் தனியாகக் கழுவினேன். தனித் துணியில் சுற்றித் தனியாக வைத்தேன். என் கையாலேயே என்ன வேலை செய்யவைத்தீர்கள் என்று தெரிகிறதா உங்களுக்கு?

தேநீர்த் தட்டை அப்படியே மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அடுப்பு மூட்டவில்லை. ஜெயமணி கிள்ளானிலிருந்து அன்று வந்திருந்தாள். பள்ளிக்கூட வேலையில் சேர்ந்தபிறகு உங்களைப்போலவே மூக்குக்கண்ணாடி போட்டுக்கொள்கிறாள். "என்னம்மா, யாரு என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள். சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "அப்பா பயந்திருப்பாரும்மா," என்றாள்.

பயமா? அந்த வருஷம் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. இரண்டு பெரிய குடும்பங்கள் சபையை விட்டுப் போகிறோம் என்று நின்றார்கள். நீங்கள் மூன்று நாள் சாயங்காலம் அவர்கள் வீட்டுக்கு நடையாய் நடந்தீர்கள். மூன்றாம் நாள் வந்து, "எல்லாம் சரியாயிடுச்சு," என்று செருப்பைக் கழற்றினீர்கள். நான் சந்தோஷத்தில் பணியாரம் சுட்டேன். என்ன கொடுத்து அதைச் சரிசெய்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. அருளாயியைக் கொடுத்தீர்கள். அவள் புருஷனைக் கொடுத்தீர்கள். அந்தத் தோட்டத்து ஜனத்தில் ஒருவரையும் கேட்காமல் அவர்களைக் கொடுத்துச் சமாதானம் வாங்கி வந்தீர்கள்.

பசித்தவனை எப்படி உட்காரவைப்பது என்று எட்டுப் பக்கம் எழுதின கைதானே இது? கஞ்சிக்கு ஒரு ஒழுங்கு, கர்த்தருடைய மேசைக்கு வேறொரு ஒழுங்கா? சரி என்று நினைத்திருந்தால் மற்றப் பக்கங்களைப் போல இதையும் என்னிடம் கொடுத்திருக்கலாமே. ஒன்பது பிரதியில் ஒன்றில்கூட இல்லை. நீங்களே எழுதி, நீங்களே பசை காய்ச்சி ஒட்டியிருக்கிறீர்கள். ஆகவே அது தப்பு என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தீர்கள். அறியாமல் செய்திருந்தால் மன்னித்துவிட்டு அழுதிருப்பேன்.

என்னையும் நான் விட்டுவிடவில்லை. ரயில்வே குடும்பங்களோடு இரண்டாவது வரிசையில் எழுந்துபோய் முழங்கால் போட்டு, வந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வேன். எனக்குப் பின்னால் யார் வருகிறார்கள், எதில் குடிக்கிறார்கள் என்று ஒருநாள் திரும்பிப் பார்த்திருந்தால் போதும். பக்தியாகக் கண்ணை மூடியிருந்தேன். நல்ல பக்தி.

மறுநாள் காலையில் அடுப்படியில் அருளாயி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். "அருளாயி, சின்னக் கிண்ணம் எதுக்குன்னு உனக்குத் தெரியுமா?"

அவள் கை நிற்கவில்லை. "தெரியாம என்னம்மா? எங்களுக்கின்னு வச்சது."

"எத்தன வருசமா தெரியும்?"

"மொத நாளே தெரியும். பெரிய கிண்ணத்துல மிச்சம் இருக்கறது கண்ணுக்குத் தெரியுதே."

"ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"யார்கிட்ட சொல்ல? அய்யாகிட்டயா? அவருதானே ஊத்திக் குடுக்குறவருக்குப் பக்கத்துல நின்னு எங்கள வரச்சொல்றாரு?" அடுத்த கீரைக் கட்டைப் பிரித்தாள். "அய்யா நல்லவருதாம்மா. எம்புள்ளைக்கு வாந்திபேதி கண்டப்ப நாலு மைல் மழையில நடந்து மருந்து கொண்டாந்தாரு. நா அத மறக்கல. இதையும் மறக்கல."

பிறகு அவளாகவே சொன்னாள். "காய்ச்சல்ல கெடக்கயில எங்குவளையிலதான் தண்ணி குடுத்தேன். ரெண்டா நாளு, குடிச்சிட்டு அந்தக் குவளைய ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம் அழுதாரு. காய்ச்சல் வேகத்துல அழுவுறாருன்னு நெனச்சேன்."

காய்ச்சல்தானா, ஜெயமணி அப்பா? வேறெதுவுமா? வாயைத் திறந்து அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. அதற்குப்பிறகும் இரண்டு நாள் உயிரோடு இருந்தீர்களே.

ஞாயிற்றுக்கிழமை பாத்திரங்களைக் கொண்டுபோய் மேசையில் வைப்பது வழக்கம்போல என் வேலை. ஒன்றைத்தான் கொண்டுபோனேன். குருவானவர் துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னொண்ணு எங்கம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஒண்ணுதான் இருக்கு ஐயா. எல்லாருக்கும் போதும்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். துணியைத் திரும்ப மூடினார்.

திருவிருந்துக்கு அழைப்பு வந்ததும் முன்வரிசையில் எழுந்தார்கள். நான் அதற்குள் கடைசிப் பாய்க்குப் போய் அருளாயியின் கையைப் பிடித்து எழுப்பி, நடுவழியாக அழைத்துக்கொண்டு போனேன். முன்வரிசைக்காரர்கள் பாதி எழுந்தபடியே நின்றார்கள். மேசைக்கு முன்னால் நாங்கள் இரண்டு பேர் மட்டும் முழங்காலில் நின்றோம். அவள் கையை நான் விடவில்லை. அப்போது அருளாயிக்கு அந்தப் பக்கம் யாரோ முழங்கால் போடும் சத்தம். இம்மானுவேல். வேஷ்டி தடுக்கி விழப்பார்த்து, சமாளித்து, தலையைக் குனிந்துகொண்டார். குருவானவர் அப்பத்தைக் கொடுத்தார். பாத்திரத்தை முதலில் அருளாயிக்குக் கொடுத்தார், பிறகு எனக்கு.

பின்னால் பெஞ்சுகள் நகர்ந்தன. ஐந்து குடும்பங்கள் வெளியே போய்விட்டன. ஆபிரகாம் கிராணியார் போகவில்லை, மேசைக்கும் வரவில்லை. பாட்டுப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு தரையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள், எந்த ஒழுங்கும் இல்லாமல்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து வெளியே வந்தேன். பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் அருளாயி என்னை நிறுத்தினாள். அவள் முகம் கறுத்திருந்தது.

"ஏம்மா, என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா? மாட்டப் புடிச்சி இழுக்கற மாதிரி அத்தன பேர் பாக்க இழுத்துட்டுப் போனீங்களே. சாமிய நெனைக்க முடியல. யாரு எந்திரிச்சிப் போறாங்கன்னுதான் காது கேட்டுச்சு."

"உனக்காகத்தானே அருளாயி—"

"எனக்காகன்னா எங்கிட்ட கேட்டிருக்கணும். கேட்டிருந்தா நானே நடந்து வந்திருப்பேன்."

அவளைக் கேட்காமல் நீங்கள் பின்னால் தள்ளினீர்கள், அவளைக் கேட்காமல் நான் முன்னால் இழுத்தேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். நீங்கள் கேட்காததற்கும் சேர்த்துக் கேட்டேன். "சரி, விடுங்க," என்றாள். மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. மறுநாள் காலையில் எப்போதும்போல எனக்கு முன்னால் வந்து அடுப்பு மூட்டியிருந்தாள்.

அதற்குப்பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாத்திரம் கழுவும் வேலையை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். உபதேசியார் வீட்டில் விதவை இருப்பது முறையில்லை என்று பதினாறு மாதம் கழித்து ஞாபகம் வந்தது, காலி பண்ணச் சொன்னார்கள். ஜெயமணி வந்து என்னைக் கிள்ளானுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். வெளியே போன ஐந்து குடும்பங்களில் மூன்று திரும்பி வந்திருக்கிறதாம். நான் ஒளித்துவைத்த சின்னக் கிண்ணம் எங்கே என்று இன்னும் ஆள்விட்டுக் கேட்கிறார்கள். சொல்லமாட்டேன்.

போன வாரம் கப்பல் வந்தது. பதினொரு குடும்பமும் ரயிலில் போர்ட் சுவெட்டன்ஹாம் போனார்கள், நான் கிள்ளானில் ஏறிக்கொண்டேன். துறைமுகத்தில் ஆபிரகாம் கிராணியார் ஒவ்வொரு குடும்பத்தின் காகிதத்தையும் வாங்கிப் பார்த்து, ஆபீஸ்காரர்களோடு இங்கிலீஷில் வாதாடி, ஒருவரும் விட்டுப்போகாமல் ஏற்றிவிட்டார். என் பக்கம் திரும்பவில்லை. இவரை என்ன சொல்வது? உங்களைத்தான் என்ன சொல்வது?

இம்மானுவேல் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒன்றாகப் பதினொரு சபைச் சீட்டு எழுதிக் கொடுத்தார். இவர்கள் சபையில் முழு அங்கத்தினர், எந்தத் தாழ்ச்சியுமின்றித் திருவிருந்தில் சேர்த்துக்கொள்ளவும் என்று. அருளாயி தன்னுடையதைச் சேலை முனையில் முடிந்துகொண்டாள். "அங்க ஊர்ல கோயில்ல எப்படிம்மா இருக்கும்?" என்று கேட்டாள். அந்தப் பக்கத்துச் சபைகள் எப்படி இருக்கும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பொய் சொல்ல வாய் வரவில்லை. "சீட்ட நீட்டு. வாங்கலேன்னா நின்னு கேளு," என்றேன். சிரித்தாள். ஏறும்போதுதான் அந்தக் கடைசி வார்த்தையைச் சொன்னாள்.

"அய்யா கல்லறையச் சுத்தி மாசாமாசம் நாங்கதான் லாலான் புல்லு வெட்டி வச்சோம். இனிமே ஆளில்ல. முழங்கால் உயரம் வந்துரும். பாத்துக்குங்கம்மா."

எனக்கு அது தெரியவே தெரியாது. உங்களை அந்தத் தோட்டத்து ஓரத்தில் அடக்கம் பண்ணிவிட்டு வந்தபிறகு இரண்டு தடவைதான் வந்தேன். இரண்டு தடவையும் சுத்தமாக இருந்தது. மண்ணே அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். உங்களால் கடைசியில் நிறுத்தப்பட்ட ஜனம் உங்கள்மேல் புல் ஏறவிடாமல் பார்த்திருக்கிறார்கள்.

அதனால் இதைச் சொல்லி முடிக்கிறேன். மாதம் ஒருமுறை நான் வருவேன். இப்போது அங்கே ஆள் நடமாட்டம் இல்லை, டெங்கிலிலிருந்து நடந்துதான் வரவேண்டும், வருவேன். அரிவாள் கொண்டுவந்து புல்லை வெட்டுவேன். வெட்டி முடித்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, உங்கள் கால்மாட்டில் உட்கார்ந்து சத்தம் போட்டே சண்டை பிடிப்பேன். எத்தனை வருஷமானாலும் என் கோபம் தீருகிறவரை வருவேன். தீர்ந்தபிறகும் வருவேன்.

உங்கள் ஜெயமணியின் அம்மா,
இன்னும் உங்கள் மனைவியாகவே இருக்கிற
ஞானப்பூ